பிரம்பைப் பூட்டி வைத்த ஆண்டு

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, பள்ளி திறந்த முதல் நாளே எங்கள் தலைமையாசிரியர் வகுப்புகளில் இருந்த பிரம்புகளையெல்லாம் வாங்கித் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். “நாடு நம்ம கைக்கு வந்தாச்சு. பிள்ளைங்கள இன்னும் மாடு மாதிரி அடிக்கிறது அசிங்கம்,” என்றார். மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்த சிறிய தமிழ்ப்பள்ளி அது. நான் மூன்றாம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியை. வயது இருபது. செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வருவேன்.

அடிக்குப் பதிலாக ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் அட்டை தொங்கியது. பிள்ளைகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக; தேதிகள் குறுக்கே. நேரத்துக்கு வந்தால், குழாயடியில் தள்ளாமல் நின்றால், உண்மையை ஒத்துக்கொண்டால் ஒரு சிவப்பு நட்சத்திரம். சுதந்திர தின அலங்காரத்தில் மிச்சமான காகிதத்தில்தான் அவற்றை வெட்டினோம். பள்ளி வாரியத்தில் பாதிப் பேருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அதனால் ஆண்டு முடிவில் இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பு வகுப்பாகப் பார்ப்பார், அதன்பிறகே இதைத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்வது என்று பேச்சு. என் வேலை நிரந்தரமாவதும் அவருடைய அறிக்கையில்தான் இருந்தது.

பள்ளி ஆண்டு முடியும் நவம்பர் நெருங்க நெருங்க எனக்குப் பயம் கூடியது. காரணம் எனக்கும் என் வகுப்புக்கும் மட்டுமே தெரியும்.

ஜூலையில் ஒரு நாள் வருகைப் பதிவேட்டின் மேல் மைக்கூடு கவிழ்ந்து கிடந்தது. மேசைக்கு அருகே நின்றவள் ஒரு சிட்டி வீட்டுப் பெண். மலாக்கா சிட்டிகள் பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வழியினர், கோயிலுக்குப் போகிறவர்கள், நெற்றியில் திருநீறு வைக்கிறவர்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். மகளாவது தமிழ் எழுத்து படிக்கட்டும் என்று அவள் அப்பா எங்களிடம் சேர்த்திருந்தார்.

“நீயா கொட்டின?” என்று கத்தினேன்.

“ஆமா,” என்றாள். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. லேசாகச் சிரித்தது போலவும் இருந்தது. அந்தச் சிரிப்புத்தான் என்னை வெறிகொள்ள வைத்தது. மேசையிலிருந்த மர அடிக்கோலை எடுத்து அவள் கைவிரல்களின் மேல் அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நடுவிரல் மூட்டில் தோல் கிழிந்தது. அவள் அழக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவன் அழுதுகொண்டே எழுந்தான். “நான்தான் டீச்சர் கொட்டிட்டேன்.”

அவளுக்கு என் கேள்வியே புரிந்திருக்கவில்லை. புரியாத எதற்கும் “ஆமா” என்பதுதான் அவள் பழக்கம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மீறி அடித்தால் தண்டனைப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது விதி. நான் எழுதவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். “இத வெளிய யார்கிட்டயும் பேசக்கூடாது, சரியா?” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வகுப்பில் எல்லாருக்கும் ஆளுக்கொரு நட்சத்திரம் ஒட்டினேன்.

இன்ஸ்பெக்டர் வந்த காலையில் நல்ல மழை. தகரக் கூரைச் சத்தத்தில் பக்கத்து வகுப்பில் அவர் பேசுவது கேட்கவில்லை. எப்போது என் வாசலுக்கு வருவார் என்றும் தெரியவில்லை. வந்தார். பின்னால் தலைமையாசிரியரும் வாரியத்துப் பெரியவர் ஒருவரும். பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டு நேரே அட்டையிடம் போனார். விரலை வைத்து மாதம் மாதமாக நகர்த்தினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“ஒரே நாள்ல எல்லாருக்கும் குடுத்திருக்கீங்களே. அன்னைக்கு என்ன விசேஷம், டீச்சர்?”

நான் அட்டையையே பார்த்தேன். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “யாராவது சொல்லுங்க பார்ப்போம்.”

முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். உண்மை பேசியதற்காகவே பலமுறை நட்சத்திரம் வாங்கியவள். “அன்னைக்கு நாங்க எல்லாரும் சத்தம் போடாம இருந்தோம், சார்.” மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அந்தச் சிட்டிப் பெண் தன் கையை மெல்ல மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

அதுவரை நான் பயந்தது இன்ஸ்பெக்டருக்கு. அந்தக் கணத்தில் பிள்ளைகளைப் பார்த்துப் பயந்தேன். எட்டு ஒன்பது வயதில் இத்தனை ஒழுங்காகப் பொய் சொல்ல அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

“சார், அன்னைக்கு நான் இந்தப் பிள்ளைய அடிச்சிட்டேன்,” என்றேன். “அவ ஒண்ணும் செய்யல.”

“புத்தகத்துல எழுதினீங்களா?”

“இல்லைங்க சார். மறைக்கத்தான் நட்சத்திரம் ஒட்டினேன்.”

தலைமையாசிரியர் என்னைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏசியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு அவர் அறையில் வாரியத்துப் பெரியவர் குதித்தார். “நான் அப்பவே சொன்னேன்லா. பிரம்பு இல்லாம பள்ளிக்கூடம் நடக்காதுன்னு!”

“நடந்திருக்கே,” என்றார் இன்ஸ்பெக்டர். “நாலு வகுப்பு பார்த்தேன். பிள்ளைங்க சண்டை போடல, ஓடிப்போகல. தடுமாறினது பெரியவங்கதான்.” பிறகு என்னிடம், “இப்பவே புத்தகத்துல உங்க கையால எழுதுங்க. எழுதிட்டு அந்தப் பிள்ளையோட அம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க,” என்றார்.

எழுதிவிட்டுக் கிளம்பினேன். சிட்டிகள் வாழும் கிராமம், அவர்கள் கம்போங், பக்கத்தில்தான். பத்து நிமிட நடை. மழை விட்டிருந்தது. எத்தனை பேர் கூடுவார்கள், அண்ணன்மார் யாராவது கை ஓங்குவார்களா, என்றெல்லாம் எண்ணம் ஓடியது. கெபாயா என்னும் மலாய்ச் சட்டை அணிந்த அம்மா கதவைத் திறந்து, “மாசோக், சிக்கு,” என்றார்; உள்ளே வாங்க, டீச்சர் என்று அர்த்தம். நான் வாசற்படியிலேயே நின்று தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன்.

கதவிடுக்கில் கை மாட்டிக்கொண்டதாக மகள் சொன்னாளாம். மஞ்சள் அரைத்துக் கட்டினாராம். கடைசியில் மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார்: “என் பிள்ளைக்குப் புரியலைன்னா, நீங்க இப்படி மலாய்ல கேட்டிருக்கலாமே?”

மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார். மன்னித்தாரா, போகச் சொன்னாரா தெரியவில்லை.

ஏற்பாடு அடுத்த ஆண்டும் தொடர்ந்தது, ஒரு மாற்றத்துடன். அட்டை இனி ஆசிரியர் கையில் மட்டும் இல்லை. வாரக் கடைசியில் பிள்ளைகளும் சேர்ந்து பேசித்தான் ஒட்ட வேண்டும். என்னை இன்னோர் ஆண்டு தற்காலிகமாகவே வைத்தார்கள். அதுவே பெரிது.

அவள் நான்காம் வகுப்புக்குப் போனாள். குழாயடியில் என்னைக் கண்டால் “வணக்கம், டீச்சர்,” என்பாள், தெளிவான தமிழில். நானும் வணக்கம் சொல்வேன். இன்னும் என்னைக் கண்டு பயப்படுகிறாளா என்று கேட்க ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். கேட்டதே இல்லை.