தேங்காயெண்ணெயும் பதினெட்டு வளைவும்

எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்ல இருப்பது பட்டிருப்புப் பாலம் மட்டும்தான். அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு மிதி மிதித்தால் முடிந்துபோகும். அந்தப் பாலத்தை நம்பி, நுவரெலியா வரை போகும் மலைச் சைக்கிளோட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஐந்து பேரில் நானும் ஒருத்தி. மற்ற நால்வரும் ஆண்கள். நான் அரச மருத்துவிச்சி. களுவாஞ்சிக்குடியைச் சுற்றியுள்ள பிள்ளைத்தாய்ச்சிகளை வீடு வீடாகப் பார்க்கப் போவது சைக்கிளில்தான். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஸ்கூட்டிக்கு மாறிய பிறகும் நான் மாறவில்லை. பிடிவாதக்காரி என்பார்கள். சொல்லட்டும்.

எங்களைப் பழக்கியவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். எல்லாருக்கும் அவர் ‘சேர்’. மலைக்கு எங்கே போவது என்று நான் கேட்டபோது சிரித்தார்.

“மலை இல்லாட்டி என்ன மிஸ், கச்சான் இரிக்கிதானே. காத்துத்தான் எங்கட மலை.”

வெயில் காலத்தில் மேற்கே இருந்து அனலாய் அடிக்கிற கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்து, சைக்கிளின் பின் கரியரில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் மிதித்தோம். தொடை இறுகியது, மூச்சு நீண்டது. மலையில் ஏறுவதற்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் செய்தோம். மலையில் ஏறினால் இறங்கவும் வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் திகைப்பாகத்தான் இருக்கிறது. படித்தவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், ஐந்து பேருக்கும் அது தோன்றவில்லை.

வீட்டில் என் மனுசன் இதைப்பற்றி வாயே திறக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு கலியாண வீட்டில் யாரோ, “உன்ர பொண்டாட்டி மலையில போயா பிள்ளப்பேறு பாக்கப் போறா?” என்று கேட்டுச் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டாலே எழுந்து வெளியே போய்விடுவார். சண்டை பிடித்தாலாவது பதில் சொல்லலாம். அந்த மௌனம்தான் என்னை வாட்டியது. அவர் மனம் நிறைந்து அனுப்பாமல் போவதில்லை என்று எனக்குள் முடிவெடுத்திருந்தேன். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டத்துக்கு முந்திய வாரம், ஒரு தரமாவது உண்மையான மலையில் ஏறிப் பார்ப்போம் என்று சேர் வான் பிடித்தார். மகியங்கனைக்கு அப்பால் இருக்கும் பதினெட்டு வளைவு ரோட்டுக்குப் போவதாகப் பேச்சு. புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் வேலையால் வந்தபோது, முற்றத்தில் என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துக்கொண்டு என் மனுசன் குந்தியிருந்தார். கையில் எண்ணெய்த் துணி. சில்லைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“மினுங்குதா?” என்றார் நிமிராமல்.

“ஓம்” என்றேன்.

மண்டூர்ப் பக்கத்து வட்டையில் எங்கள் வயல். அவர் தினமும் சைக்கிளோடு பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து போய் வருவார். உப்புத் தண்ணீர் தெறித்தால் இரும்புச் சில்லு ஒரு மாரிக்குத் தாங்காது. அதனால் அந்தப் படகில் போய் வருகிறவர்கள் எல்லாரும் பின்னேரத்தில் தேங்காயெண்ணெய் தொட்டுச் சைக்கிளைத் துடைப்பார்கள், பிரேக் கட்டை பிடிக்கிற விளிம்பான றிம் உட்பட. பிரேக் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. காலை நிலத்தில் ஊன்றினால் சைக்கிள் நின்றுவிடும். அவருடைய சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்து விழுந்து எத்தனையோ காலம்.

மறுநாள் ஏற்றம் எனக்குப் பெரிய பாடாக இல்லை. வளைவுக்கு வளைவு கீழே சமவெளி விரிந்துகொண்டே போனது. ஆண்கள் இருவர் இறங்கி உருட்டினார்கள், நான் உருட்டவில்லை. உச்சிக் கடையில் பிளேன்ரீ குடித்தபோது எனக்கு இருந்த இறுமாப்பைச் சொல்லி மாளாது. “மிஸ்தான் முதல்ல இறங்கணும்” என்று சேர் சொன்னார். நானும் பெருமையாக இறங்கினேன்.

முதல் வளைவு நெருங்கியதும் பிரேக்கைப் பிடித்தேன். நிற்கவில்லை.

இறுக்கிப் பிடித்தேன். பிரேக் கைப்பிடி ஹாண்டிலோடு போய் முட்டியது. சில்லு தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டே உருண்டது. எனக்குப் பயம் உடனே வரவில்லை. இது என்ன அநியாயம் என்ற திகைப்புத்தான் வந்தது. அந்த வளைவை எப்படித் திரும்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அடுத்ததில் பஸ் ஒன்று ஏறி வந்தது, சாரதியின் திறந்த வாய் எனக்குத் தெரிந்தது. காலை ஊன்றினேன். சப்பாத்து ரோட்டில் உரசி மணத்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. மலையோரம் தண்ணீர் ஓடுகிற காணுக்குள் சைக்கிளோடு போய் விழுந்தேன்.

சேர் ஓடி வந்தார். முழங்கையில் தோல் போயிருந்தது, எலும்பு முறியவில்லை. அவர் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, றிம்மில் விரலை வைத்து இழுத்து, முகர்ந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“மிஸ், இதென்ன? தேங்காயெண்ணெ! றிம்முக்கு ஆரு பூசின?”

அந்தக் கேள்வியில்தான் முற்றத்தில் என் மனுசன் பிடித்திருந்த எண்ணெய்த் துணி என் கண்முன் வந்தது.

“நான்தான்” என்றேன்.

“உங்களுக்கு விசரா? உங்கட மனுசன் கேள்விப்பட்டா வாசலத் தாண்ட விடமாட்டார்.”

திரும்பி வரும்போது வானில் எல்லாரும் உறங்கினார்கள். எனக்குக் கண் மூடவில்லை. சொன்னால் என் மனுசன் உடைந்துபோவார். ஆசையாகச் செய்தது இப்படி முடிந்ததென்று தெரிந்தால் பிறகு ஒருநாளும் என்னை அனுப்ப அவருக்கு மனம் வராது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று முடிவெடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். கைக்கட்டைப் பார்த்தார். “விழுந்திட்டன், ஒள்ளுப்பம்தான்” என்றேன். அவர் உள்ளே போனார். எண்ணெய்ப் போத்தலையும் துணியையும் எடுத்துக்கொண்டு வந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

“காணுத் தண்ணி பட்டிரிக்கும். துடைச்சி வைப்பம்.”

“வேணாம்!” நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகென்ன, எல்லாவற்றையும் சொன்னேன். பிரேக், பஸ், காண், எல்லாம். அவர் துணியை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“மற்றப் பக்கம் என்ன இரிந்த?”

“ஒண்டுமில்ல.”

“ஒண்டுமில்லயெண்டா?”

“பள்ளந்தான்.”

அவர் எழுந்து போனார். அன்றைக்குச் சோறு தின்னவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சேருக்கு அழைத்து, நான் வரவில்லை என்று சொல்லப் போனை எடுத்தபோது, முற்றத்தில் சைக்கிளைக் காணவில்லை. கிணற்றடியில் சவர்க்கார நுரையும் தேய்ந்த தேங்காய்த் தும்பும் கிடந்தன.

கொஞ்ச நேரத்தில் படலை திறந்தது. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். இரண்டு முழங்காலிலும் இரத்தம், நாடியில் மண்.

“பட்டிருப்புப் பாலத்துக்குக் கொண்டு போனனான்” என்றார். “உச்சியில இரிந்து விட்டுப் பிடிச்சன். நிக்கிது, புள்ள. அப்பிடியே நிக்கிது. நான்தான் ஹாண்டிலுக்கு மேலால போயிட்டன்.”

வாழ்க்கையில் பிரேக் பிடித்தறியாத மனிதர், முன்சில்லுப் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

“உங்களுக்கு விசரா? தலையில அடிபட்டிரிந்தா? பாலத்துக்கால ஆத்துக்க விழுந்திரிந்தா? ஆருக்கிட்டக் கேட்டுப் போனிங்க?” என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே புரிந்தது, இத்தனை மாதமாக அவர் தொண்டைக்குள் அடைத்து வைத்திருந்த பேச்சு இதுதான். என்னைப் பார்த்து அவர் ஒரு தரமும் இப்படிக் கத்தவில்லை.

அவரைப் படியில் இருத்தி, என் வேலைப் பையைத் திறந்து காயத்தைக் கழுவினேன். எரிந்திருக்கும். காலை இழுக்காமல் றிம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி அதை ஒரு தரம் தொட்டு, விரலைச் சாரத்தில் துடைத்து, திரும்பவும் தொட்டார்.

“ஞாயித்துக்கிழம ஓட்டத்துக்கு எத்தின மணிக்கு வெளிக்கிடணும்?” என்றார். “நான் எழுப்பிவிடுறன்.”

நான் மருந்துப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.