தண்ணீர்த் தொட்டியில் பதித்த பூக்கள்

எனக்குப் பத்தொன்பது வயதில் முதல் பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை.

அப்போது திண்டுக்கல்லில் மாமியார் வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரர் வத்தலக்குண்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வந்து, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் மாமியும் நானும் மட்டும்தான். மாமி அதிகம் பேசாதவர். அவர் எதிரே உட்காரவே எனக்குப் பயம்.

நான் உண்டாகியிருந்தபோது, “பிள்ளைய மண் தரையில தவழ விட முடியுமா?” என்று சொல்லி மாமிதான் வீட்டு வேலையை ஆரம்பித்தார். கூடத்துக்குச் சிவப்பிலும் மஞ்சளிலும் தரைக்கல் பதித்தார்கள். வாசல் நிலைக்கு மேலே பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி வைத்தார்கள். வேலை முடிந்ததும் மிச்சமான உடைந்த கல், கண்ணாடித் துண்டு, அரை மூட்டை சிமெண்டு எல்லாம் கொல்லையில் போய்ச் சேர்ந்தன. அதற்கடுத்த மாதம்தான் பிரசவம்.

துக்கம் கேட்க தினமும் பெண்கள் வந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் எல்லாரும் ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். “சின்ன வயசுதானே, அடுத்தது பொறக்கும்.” அதைக் கேட்க முடியாமல் கொல்லைக்குப் போய் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். சும்மா இருந்த கை, சிவப்புச் சில்லை ஒரு பக்கம், மஞ்சளை ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டது. எதற்கென்று தெரியாது. மறுநாளும் அதையேதான் செய்தேன்.

நாலாம் நாள் மாமி பார்த்துவிட்டார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக நினைக்கப் போகிறார் என்று பயந்து எழுந்து நின்றேன்.

“கையக் கிழிச்சுக்கிறாத” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய சட்டியோடு திரும்பி வந்தார்.

“தாலுகா ஆபீசுல பெர்மிட்டுக்கு அலைஞ்சு வாங்குன சிமெண்டு. மழை வந்தா கல்லாப் போயிரும். இந்தத் தண்ணித் தொட்டியப் பூசிருவோம். நீ பிரிச்சு வச்சிருக்கியே, அதையும் பதிச்சுக்க.”

எங்கள் ஊரில் தண்ணீர்க் கஷ்டம். கொல்லையில் இருந்த அந்தத் தொட்டிதான் வீட்டுக்கே ஆதாரம். ஆனால் வெளிப்பக்கம் காரை பெயர்ந்து செங்கல் தெரியும். அன்று சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் கலவை பூசினோம். அதில் நான் ஆறு இதழ் வைத்து ஒரு பூப் பதித்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால் பூ முழுக்கத் தரையில் கிடந்தது.

பிரசவத்துக்குப் பிறகு நான் அழவே இல்லை. அன்றைக்குத்தான் அழுதேன், அந்தச் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்து, சத்தம் போட்டு. மாமி “அழாதே” என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் ஓய்ந்ததும் வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, அடுத்த தெருவில் கொத்தனார் வீட்டுக்குப் போய் விசாரித்து வந்தார்.

“காஞ்ச சுவத்துல பூசிட்டோம். அது கலவையில இருந்த தண்ணிய உறிஞ்சிருச்சாம். சுவத்தையும் நனைக்கணும், கல்லையும் ஊறப் போடணுமாம். எந்திரி.”

பிறகு தினமும் ஒரு முழம் அளவுதான் பதித்தோம். கண்ணாடி ஓரத்தைத் துணி துவைக்கிற கல்லில் தேய்த்து மழுக்கினேன். பச்சையில் இலை, சிவப்பில் இதழ். வெள்ளை மட்டும் கிடைக்கவில்லை. அதைச் சொன்னதும் மாமி தன் பெட்டியைத் திறந்து, இரண்டாக உடைந்த ஒரு பெரிய பீங்கான் தட்டை எடுத்து வந்தார். அவருடைய அம்மா சீராகக் கொடுத்தது.

“வேணாம் மாமி.”

“பெட்டிக்குள்ள கெடந்து என்ன செய்யப் போகுது?” சாக்கில் சுற்றிக் குழவியால் இரண்டு போடு போட்டார்.

வெள்ளைச் சில்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “எனக்கும் ரெண்டு தங்கல. ஒம் புருசன் மூணாவது.”

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. கலவை காய்ந்துகொண்டிருந்தது. நான் கையில் பிடித்த சில்லோடு கேட்டேன், “பேரு வச்சிருந்தீங்களா?”

“ஒண்ணுக்கு வச்சேன்.” அந்தப் பேரைச் சொன்னார். நானும் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்த பேரைச் சொன்னேன். மாமி அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். “நல்ல பேரு” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்றைக்கும் நன்றி உள்ளவளாக இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்த வீட்டுக்காரர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “கொத்தனாரு யாரும்மா?”

“ஒம் பொண்டாட்டியும் ஒன் ஆத்தாளும்தான்” என்றார் மாமி. வீட்டில் பல நாளைக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதன்பிறகு வந்த பெண்களுக்குத் தொட்டியைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு நெசவுக் குடும்பம், சின்னாளபட்டியிலிருந்து வந்தவர்கள். அந்த அக்கா ஒருநாள் கேட்டார், “எங்க துளசி மாடம் வெறும் சிமெண்டா நிக்குது. இதே மாதிரி போட்டுத் தாரியா தங்கச்சி?”

“நான் தொடலாமாக்கா?”

“அதுக்கென்ன? காலக் கழுவிட்டு வந்தாப் போதும்.”

மாமியைப் பார்த்தேன். “மிச்சச் சில்லெல்லாம் அள்ளிக்கிட்டுப் போ” என்றார்.

பிரசவத்துக்கு முன்னாலிருந்தே நாலு மாதமாகப் படி தாண்டாதவள் அன்றைக்குத்தான் வெளியே போனேன். மூன்று நாள் வேலை. கடைசி நாள் அந்த அக்கா ஒரு சுங்குடிச் சேலையை என் மடியில் வைத்தார். அரக்கில் வெள்ளைப் புள்ளி. “எங்க வீட்டுத் தறியில நெய்ஞ்சு, நாங்களே முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்துனது” என்றார். அவர் கேட்காமலேயே என் பிள்ளையைப் பற்றி நானாகப் பேச ஆரம்பித்தேன். தலை நிறைய முடி இருந்ததைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சேலையைக் காட்டி, பேசியதையும் சொன்னேன்.

“நல்லது” என்றார். “பசிக்குதா?”

பசித்தது. தட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.