அவசர மருந்து

கலர் ஃபிலிமில் படம் எடுத்து, அதை நானே கழுவிப் பார்ப்பது என் கிறுக்கு. ஆலங்குடியில் வீட்டு முன்னறையிலேயே ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஃபிலிம் கழுவும் கெமிக்கல் புதுக்கோட்டையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. சென்னையிலிருந்துதான் வர வேண்டும். கெமிக்கல் என்றாலே கூரியரில் வாங்க மாட்டார்கள். அதனால் சென்னைக் கடைக்காரர் பெட்டியின் மேல் “அவசர மருந்து” என்று எழுதி, புதுக்கோட்டை வரும் ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். எனக்கும் அது தெரியும். சாமர்த்தியம் என்றுகூட நினைத்திருந்தேன்.

ஒருநாள் விடியற்காலையில் நல்ல மழை. அன்று பஸ்ஸில் வரவேண்டிய பார்சலைப் பிறகு போய் வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். போனில் சார்ஜும் இல்லை.

பொழுது விடிந்ததும் யாரோ கதவைத் தட்டினார்கள். அந்தப் பஸ்ஸின் டிரைவர். இரவெல்லாம் வண்டி ஓட்டியவர், டவுன் பஸ் பிடித்து, முகவரி விசாரித்து வந்திருந்தார். அவர் தொப்பலாக நனைந்திருந்தார். துண்டில் சுற்றியிருந்த பெட்டி நனையவில்லை.

“ஒங்களுக்குப் போன் போகலைங்க. அதான் நானே கொண்டாந்துட்டேன். வீட்ல யாருக்குங்க முடியல?”

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“யாருக்கும் இல்லண்ணே. இது போட்டோ கழுவுற கெமிக்கல்.”

திட்டப்போகிறார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் நீளமாக மூச்சு விட்டார்.

“நல்லவேளைங்க. வழியெல்லாம் பதறிக்கிட்டே வந்தேன்.”

டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இப்போது பெட்டியில் “போட்டோ கெமிக்கல்” என்றே எழுதச் சொல்கிறேன். பாதி வண்டிகளில் ஏற்ற மறுக்கிறார்கள். ஏற்றிக்கொள்ளும் வண்டி வரும்வரை, எடுத்த ஃபிலிம் சுருள்கள் கெட்டுப்போகாமல் ஃபிரிட்ஜில் காத்திருக்கின்றன. நானும்தான்.