நான் கேட்ட சாட்சி

அன்பானவர்களே, நான் கணக்கு டீச்சர். மைக்கைப் பிடித்துக்கொண்டு அழத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஆண்டவர் செய்தது அதிலேயே தெரியும்.

போன வருஷம், மழை ஆரம்பித்த சமயம். என் நாத்தனார் செல்விக்கு குரோம்பேட்டையில் வேலை. தாம்பரம் ஸ்டேஷனில் அவளை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் சேலையூருக்கு வந்துகொண்டிருந்தேன். கேம்ப் ரோடு நெருங்கும்போது லேசான தூறல். ஓரமாக, மெதுவாகத்தான் போனேன். பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் இடித்தது. நிற்காமல் போய்விட்டது. நம்பரைப் பார்க்கவேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? அதற்கப்புறம் எனக்குச் சரியாக நினைவில்லை.

எனக்கு வலது கால் முறிந்தது. செல்விக்குத் தோள்பட்டை எலும்பு. ஹெல்மெட் போட்டிருந்ததால் உயிர் தப்பினாள். ஆனாலும் தலையில் அடி. விழுந்த நேரம் அவள் ஞாபகத்திலிருந்து அப்படியே போய்விட்டது.

எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியவான், "ஸ்கூட்டர் ஸ்லிப் ஆயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சத்தம் கேட்டு ஓடி வந்தவர், இடித்ததைப் பார்க்கவில்லை. போலீஸ் வம்பு எதற்கு என்று என் கணவரும் தலையாட்டிவிட்டார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். நம்மில் பாதிப்பேர் செய்கிற தப்பு இது.

அது எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? நான் கண் விழித்து, கார் இடித்தது என்று சொன்னபோது யாருமே நம்பவில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், வண்டி ஓட்டினது நீங்க. பின்னாடி உக்காந்திருந்தவங்களுக்கு அடி. கார் இடிச்சதுக்கு சாட்சி இருக்கா? இல்லேன்னா கேஸ் உங்க மேலதான் வரும்."

என் கணவர் கேம்ப் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கேமரா ரிப்பேர். இன்னொன்றில் கடை வாசலும் குடைகளும்தான் தெரிந்தன.

வீட்டுக்கு வந்த பிறகு மாமியார் கேட்டார், "மழையில அப்படி என்னம்மா அவசரம்?"

"அவசரமே இல்ல அத்தை. கார் வந்து இடிச்சுது."

"யாருமே பாக்கலையேம்மா."

செல்வியைப் பார்த்தேன். "எனக்கு எதுவும் ஞாபகம் வரலையே அண்ணி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதுவானாலும் முதலில் என்னிடம் வந்து சொல்கிற பெண். கேஸைவிட இதுதான் என்னைக் கொன்றது. ஆண்டவரிடம் சண்டையே போட்டேன். "நீர் பார்த்தீர் அல்லவா? ஸ்டேஷனுக்கு வந்து நீர் சொல்வீரா?" என்று கேட்டேன். அழ வராத எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது.

எங்கள் சபை ஜெபக்குழுவுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன்: "எனக்கு எப்படியாவது ஒரு சாட்சி கிடைக்கணும். ஜெபம் பண்ணுங்க."

அவர்களும் உருகி ஜெபித்தார்கள். ஆனால் அவர்கள் புரிந்துகொண்டது வேறு. கால் சீக்கிரம் குணமாகி, ஆண்டவர் செய்த நன்மையைச் சபையில் எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லவேண்டும் என்று எனக்கு வாஞ்சை போல! வாக்கரைப் பிடித்துக்கொண்டு முதல் தடவை ஆராதனைக்குப் போன ஞாயிறு, பாஸ்டர் அறிவித்தார்: "இப்ப நம்ம டீச்சர் சிஸ்டர் சாட்சி சொல்லுவாங்க. ரொம்ப வாஞ்சையா கேட்டுக்கிட்டே இருந்தாங்க!"

அட ஆண்டவரே என்றிருந்தது. மைக் கைக்கு வந்துவிட்டது.

"நான் கேட்டது அந்தச் சாட்சி இல்லைங்க. போலீஸ் கேக்கற சாட்சி," என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். பழக்க தோஷத்தில் ஒருவர் "ஆமென்" என்றார். எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டினேன். எந்த இடம், என்ன நேரம், வெள்ளைக் கார், செல்வியின் மஞ்சள் ரெயின்கோட். "யாருமே பாக்கலையாம். நான் பொய் சொல்றேனாம்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

சபைக்கு எதிர் ஃப்ளாட்டில் மூர்த்தி சார் என்று ஒருவர். பேங்கில் ரிட்டயரானவர். எங்கள் வெளி ஸ்பீக்கர் சத்தத்தைப் பற்றிப் பலமுறை சண்டை போட்டிருக்கிறார். இனி வெளி ஸ்பீக்கர் கிடையாது என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். அன்றைக்கு மைக் பார்க்கிற ஸ்டீபன் பிரதர் அதை அணைக்க மறந்துவிட்டார். நான் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கிறது.

மூர்த்தி சார் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"திட்டலாம்னுதான் மேடம் கீழ இறங்கினேன். அந்த மஞ்சள் ரெயின்கோட்... நான் அந்த வெள்ளைக் காருக்குப் பின்னாடிதான் என் கார்ல வந்தேன். அவன் இடிச்சது என் கார் கேமராவுல அப்படியே விழுந்திருக்கு. எப்படி ஓட்டறான் பாருங்கன்னு எங்க ஃப்ளாட் குரூப்லகூடப் போட்டேன்."

"ஏன் சார் நிக்கல?"

"ஜனங்க தூக்கறதைப் பாத்தேன். கோர்ட்டு, ஸ்டேஷன்னு யார் அலையறதுன்னு போயிட்டேன். தப்புதான்மா."

அடுத்த நாளே ஸ்டேஷனுக்கு வந்து சொன்னார். வீடியோவில் நம்பர் தெளிவாக இருந்தது. வண்டலூர் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட்டில் பம்பர் மாற்ற நின்ற காரைப் பிடித்தார்கள். கேஸ் ஓட்டியவன் மேல் போனது. ஸ்தோத்திரம்.

ஆனால் என் ஜெபத்துக்குப் பதில் ஸ்டேஷனில் வரவில்லை. வீட்டில் வந்தது. அந்த வீடியோவைப் போனில் போட்டு செல்வியிடம் கொடுத்தேன். ஒரு தடவை பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"நீங்க ஓரமாத்தான் போறீங்க அண்ணி," என்றாள். பிறகு குரல் உடைந்துவிட்டது. "உடைஞ்ச காலை இழுத்துக்கிட்டு என்கிட்ட தவழ்ந்து வர்றீங்களே!"

அது எனக்கே தெரியாது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். மாமியார் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மழை வந்தால் கால் இன்னும் வலிக்கிறது. இப்போது ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் நானும் செல்வியும் வண்டியை நிறுத்துகிறோம். தூக்கிவிட்டு, பார்த்ததைச் சொல்ல எங்கள் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், தானாக விழுந்தேன் என்று பயந்து சொல்லிவிடாதீர்கள். கார் இடித்தது என்றால் ஆஸ்பத்திரியிலேயே சொல்லுங்கள், போலீஸிலும் உடனே சொல்லுங்கள். ஆண்டவரிடமும் மறைக்காமல் கேளுங்கள். நான் கேட்டது எந்தச் சாட்சி என்று சபைக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்திருந்தது.