மளிகைக்கடைக்காரருக்கு நான் கொடுத்த குரல்

அந்த நடிகரை முதல் வாரத்திலேயே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர், அறுபது வயதிருக்கும். துபாயில் நான் வசனம் எழுதிக்கொண்டிருந்த டப்பிங் ஸ்டுடியோவுக்கு அவர் நடித்த ஒரு தொடர் வந்திருந்தது. அதில் அவர் மளிகைக்கடைக்காரர். எபிசோடுக்கு இரண்டு நிமிடம் வருவார். கதாநாயகி பால் வாங்க வருவாள். இந்திய வாடையோடு நாக்கை உருட்டி இங்கிலீஷ் பேச இவர் வாயைத் திறந்ததுமே பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

பொறுப்பாக எழுத வேண்டும் என்று அவருடைய பழைய படங்களையும் தேடிப் பார்த்தேன். டாக்ஸி ஓட்டினார். மோட்டலில் சாவி எடுத்துக் கொடுத்தார். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, எங்களால் முடிந்ததைச் செய்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனார். ஒன்றில் குண்டு வைத்தவனுக்கு மாமா. படத்துக்குப் படம் தலை நரைத்துக்கொண்டே வந்தது, அந்த உருட்டு இங்கிலீஷ் மட்டும் மாறவில்லை. கடைசியில் ஒரு பேட்டி கிடைத்தது. அதில் அச்சு அசல் அமெரிக்கராகப் பேசினார். படங்களில் வரும் உச்சரிப்பு யாருடையது என்று கேட்டதற்கு, என் அப்பாவுடையது என்று சொல்லிச் சிரித்தார்.

"பெத்த அப்பன் நாக்க வாடகைக்கு விட்டு முப்பது வருஷமா சாப்பிட்டிருக்கார்" என்று அறையில் வந்து பொரிந்தேன்.

அறை ஷார்ஜாவில், ரோலா பகுதியில். ஆறு பேர். கீழ்க்கட்டில்காரரை எல்லோரும் சித்தப்பா என்போம். ராமநாதபுரம் பக்கம், என் ஊருக்கு அடுத்த ஊர். ஏசி டக்ட் மாட்டும் வேலை. நான் கத்தியதைக் கேட்டுவிட்டு, "அவுகளுக்கு என்ன கஷ்டமோ. ஒக்காருப்பு, சோறு ஆறுது" என்றார்.

அவர் பேசுவதுதான் எங்கள் வீட்டுப் பேச்சும். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். கல்லூரியில் சேர்ந்த புதிதில் "சார் வரச் சொன்னாக" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வாயைத் தேய்த்துக் கழுவிக்கொண்டேன். சித்தப்பாவிடம் பேசும்போது மட்டும் பழைய பேச்சு தானாக வந்துவிடும்.

ஒரு நாள் ஸ்டுடியோவில் அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்ததை டப்பிங் டைரக்டர் கேட்டுவிட்டார். சென்னைக்காரர், என் வயதுதான். மளிகைக்கடைக்காரருக்கு எடுத்துப் பார்த்த எந்தக் குரலும் அவருக்குப் பிடித்திருக்கவில்லை.

"ப்ரோ! இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? அங்கிட்டு, எம்புட்டு... ஐயோ, செம! மைக் முன்னாடி வாங்க."

"எனக்கு எழுதுற வேலைதானே சார்."

"அந்த ஆளு இங்கிலீஷ்ல காமெடியா பேசுறார்ல? தமிழ்ல அதுக்கு இதான் கரெக்ட். யல்லா, வாங்க."

போனேன். என் குரல் திரையில் வரும் என்ற ஆசையும் இருந்தது, மறைப்பானேன். எட்டு எபிசோடு பேசினேன்.

ஒன்பதாவதில் கடைக்காரரின் மனைவி இந்தியாவில் இறந்துவிடுகிறாள். அவரால் போக முடியவில்லை. மறுநாள் வழக்கம்போலக் கடையைத் திறக்கிறார். விஷயத்தைக் கதாநாயகியிடம் சொல்லும் அந்த ஒரு இடத்தில் மட்டும் நடிகர் அப்பாவின் உச்சரிப்பைக் கைவிட்டிருந்தார். தாழ்ந்த, சொந்தக் குரல். சிரிப்புச் சத்தமும் இல்லை. பிறகு அலமாரிப் பக்கம் திரும்பி ஏதோ முனகுகிறார். ஆங்கிலப் பிரதியில் 'முணுமுணுக்கிறார்' என்று மட்டும் இருந்தது. டப்பிங்கில் உதடு அசைந்தால் அங்கே ஒரு சொல் போட்டே ஆக வேண்டும்.

எதைப் போடுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. போன வருஷம் சித்தப்பாவின் மனைவி இறந்தபோது அவருடைய பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கக் கம்பெனி ஆபீசில் கிடந்தது. ஊருக்குப் போக முடியாமல், கட்டிலில் உட்கார்ந்து அவள் முகத்தைப் போனில்தான் பார்த்தார். நாங்கள் ஐந்து பேரும் சுவரைப் பார்த்தபடி நின்றோம். மகனிடம் சொன்னார்: "கொஞ்சம் கிட்டக்க கொண்டு போப்பு. மூஞ்சில ஈயி ஒக்காருது பாரு. வெரட்டி விடு. அவளுக்கு ஈயி ஆகாதுப்பு."

அதைத்தான் எழுதினேன். உதட்டோடு அப்படியே பொருந்தியது. அந்தக் காட்சிக்கு மரியாதை செய்கிறேன் என்று சத்தியமாக நம்பினேன். மெதுவாகப் பேசினேன்.

ஹெட்ஃபோனில் டைரக்டர் வந்தார். "டல்லா இருக்கு ப்ரோ. கேரக்டர் எங்க போச்சு? அந்த ஈ மேட்டர் சூப்பர். 'ஈயி'ன்னு நல்லா இழுங்க. நடுவுல மூக்க உறிஞ்சுங்க."

"சார், இது அழுற சீன். அவரே இங்க குரல மாத்தியிருக்கார்."

"அவர் மாத்துவார். நம்மாளுங்க எட்டு எபிசோடா இவரப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க, இங்கயும் சிரிக்கணும். ஒரு டேக், ப்ளீஸ்."

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். அந்த வரியையாவது அடித்திருக்கலாம். செய்யவில்லை. இழுத்தேன். உறிஞ்சினேன். மூன்றாவது டேக்கில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். என்னை நினைத்தால் எனக்கே கூசுவது அந்தச் சிரிப்புக்காகத்தான்.

தொடர் வெளிவந்ததும் மேல்கட்டில் தஞ்சாவூர்க்காரன் ஒரு லீவு நாள் மத்தியானம் போனை ரைஸ் குக்கரில் சாய்த்து வைத்து, கடைக்காரர் வரும் இடங்களை மட்டும் ஓட்டிக் காட்டினான். மீன் குழம்பும் சோறுமாகச் சுற்றி உட்கார்ந்தோம்.

"டேய், இது அப்படியே நம்ம சித்தப்பாடா!"

சித்தப்பாவும் சிரித்தார். "நல்லாத்தேன் பேசுறாக. நம்ம படிச்ச புள்ளையா இது? எம்புட்டு அழகு!"

எட்டாவது எபிசோடு முடிந்ததும், "போதும், கண்ணு வலிக்குது" என்றேன்.

"மாஃபி, மாஃபி" என்று அரபியில் மறுத்தான் தஞ்சாவூர்க்காரன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு."

ஈ வந்தது. தஞ்சாவூர்க்காரன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். அன்று சுவரைப் பார்த்து நின்றவர்களில் அவனும் ஒருவன். சித்தப்பா தலை நிமிரவில்லை. தட்டிலிருந்த சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினார், எழுந்துபோய்த் தட்டைக் கழுவினார்.

பின்னாலேயே போனேன். "சித்தப்பா, நான் வேணும்னு..."

"தெரியும்" என்றார். குழாயை மூடினார்.

தினமும் காலையில் என்னை எழுப்புவது அவர்தான். 'எந்திரிப்பு, பாத்ரூம் சும்மாத்தேன் கெடக்கு, வெரசாப் போ' என்று காலைத் தட்டுவார். மறுநாள் காலைத் தட்டவில்லை. கட்டிலை விட்டுத் தள்ளி நின்று, எஃப்.எம்.மில் செய்தி வாசிப்பவரைப்போல ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்:

"தம்பி, எழுந்திருங்கள். குளியலறை காலியாக இருக்கிறது."

கேலி செய்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

ஸ்டுடியோவுக்கு அடுத்த சீசன் வந்துவிட்டது. இனி குரல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டைரக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "நோ ப்ராப்ளம் ப்ரோ. நீங்க பேசுனது இருக்குல்ல, அதக் கேட்டு வேற ஆள் பேசிடுவார்."

சித்தப்பா இன்னமும் என்னிடம் செய்தித் தமிழ்தான் பேசுகிறார். நேற்று டூட்டி முடிந்து நான் உள்ளே வந்தபோது மகனோடு போனில் இருந்தார். "அங்கிட்டு மழையாப்பு?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போய் நின்று, அங்கிருந்து பேசினார். காதில் விழாத தூரம்தான். என்ன பேசுகிறார் என்று கேட்க எட்டிக்கூடப் பார்க்கவில்லை நான்.