கேஸ் ஷீட் எழுதப்படாத நோயாளி

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவருடைய கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டாக்டர் விமலாவின் தம்பி. “சார், அக்கா போய்ட்டாங்க சார்” என்றார். கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். மேசையில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கி, “இன்னா சார், எதுனா பேஜாரா?” என்று கேட்டார். இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். சட்டையைப் போட்டுக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தபடி போனார்.

மேடத்திடம் படித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அல்சூர் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் எங்கள் ஆஸ்டியோபதி கல்லூரி நடந்துவந்தது. எலும்பையும் தசையையும் கையாலேயே பிடித்துச் சரிசெய்யும் வைத்தியம் அது. கைவேலையைச் சொல்லிக்கொடுத்தவன் நான். நோயைக் கண்டுபிடிப்பது எப்படி, நம் கைக்கு அடங்காதது எது, யாரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் எம்.பி.பி.எஸ். படித்த விமலா மேடம். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். என்னை ‘மாஸ்டர்’ என்பார், தையல்காரரைக் கூப்பிடுகிற அதே தொனியில்.

ஆரம்பத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. பிள்ளைகள் ஒரு மூட்டைக்கூடத் தொட்டுப் பார்த்திராத முதல் வாரத்திலேயே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம் எழுத உட்காரவைத்துவிடுவார். “கை வெக்கறதுக்கு முன்னாடி வாயத் தொறந்து கேளுங்கப்பா” என்பது அவருடைய முதல் பாடம். இரண்டாவது பாடம், “தெரியலன்னு எழுதறதுக்கும் தில்லு வேணும்.” வைத்தியம் படிக்க வந்தவர்களை போஸ்ட்மேன் ஆக்கப் பார்க்கிறீர்களா என்று நான் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் கிண்டல் செய்திருக்கிறேன். அவரும் சிரித்தார், ஆனால் கடிதம் எழுதவைப்பதை நிறுத்தவில்லை.

என் திமிர் அடங்கியது ஒரு காலையில். பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸில் தைக்கிற பெண் ஒருத்தி முதுகுவலி என்று வந்திருந்தாள். மாணவர்களைச் சுற்றி நிற்கவைத்து, அவளைக் குப்புறப் படுக்கவைத்து, ஒரே அழுத்தில் முதுகைச் சொடுக்கிக் காட்டத் தயாராக இருந்தேன். வாசலில் நின்றிருந்த மேடம், “ஒரு நிமிஷம் மாஸ்டர்” என்றார். பிறகு அவளிடம், “ஏம்மா, சாய்ங்காலமானா மேலு சுடுதா?” என்று கேட்டார்.

“ஆமாக்கா, தெனமும்.”

“பாவாட நாடாவ முன்ன எங்க முடிச்சு போடுவ, இப்ப எங்க போடற?”

அவள் வெட்கப்பட்டுக்கொண்டே நாடாவில் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினாள். நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது, அவ்வளவு இளைத்திருந்தாள். மேடம் கடிதம் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், ஸ்கேனில் முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்தது. நான் அழுத்தியிருந்தால் அவள் நடந்து வீட்டுக்குப் போயிருக்க மாட்டாள். மறுநாளிலிருந்து மேடத்தின் வகுப்பில் கடைசி பெஞ்சில் நானும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். மூன்று வருஷம் உட்கார்ந்தேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியிலிருந்து யார் வந்தாலும் நோயைப் பற்றி எல்லாம் கேட்டு இரண்டு பக்கத்துக்குக் கேஸ் ஷீட் எழுதாமல் தொட மாட்டோம். ஆசிரியர்கள் எங்களுக்குள் மட்டும் அது கிடையாது. வகுப்பு முடிந்ததும் யாராவது மேசையில் படுப்போம், யாராவது பிடித்துவிடுவோம், டீ குடித்துவிட்டுப் போவோம். அப்படித்தான் மேடமும் ஒரு வெள்ளிக்கிழமை, நின்று நின்று முதுகு போய்விட்டது என்று வந்து படுத்தார். வழக்கத்துக்காக ஏதோ கேட்க வாயெடுத்தேன். “அய்யோ, நாள் பூரா நான்தான் கேட்டுனே கீறேன். சும்னே கை வைங்க மாஸ்டர்” என்றார். கை வைத்தேன். நான்கு மாதம், வெள்ளிக்கிழமை தவறாமல்.

ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். ரவிக்கையைத் தோளில் ஊக்கு குத்தி இறுக்கியிருந்ததைப் பார்த்தேன். ஆசிரியர் அறையில் எல்லோரும், மேடம் இளைத்து அழகாகிவிட்டீர்கள் என்றோம். எல்லோரும் என்று ஏன் மறைக்க வேண்டும்? முதலில் சொன்னவனே நான்தான்.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், முதுகெலும்பில் ஒரே ஒரு கணுவின் மேல் என் விரல் பட்டதும் மேடம் துள்ளினார். அது தசைவலியில் துள்ளுகிற துள்ளல் இல்லை. எனக்குத் தெரிந்தது. இரவில் தூக்கம் வருகிறதா, பசி எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. எம்.பி.பி.எஸ். படித்தவர், இந்தக் கேள்விகளையே எனக்குக் கற்றுக்கொடுத்தவர், அவருக்குத் தெரியாததையா நான் சொல்லிவிடப் போகிறேன் என்று விழுங்கிவிட்டேன். அந்த இடத்தை விட்டுவிட்டு, சுற்றிலும் மெதுவாகப் பிடித்தேன்.

ஐந்தாவது மாதம் பஸ் ஸ்டாப்பில் கால் மரத்து விழுந்தார். சிறுநீரகத்தில் ஆரம்பித்த புற்றுநோய் முதுகெலும்புவரை வந்திருந்தது. வார்டு டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். “உயிரப் பத்தி சொல்ல முடியாது சார். மொதல்லயே அனுப்பியிருந்தா காலையாவது காப்பாத்தியிருக்கலாம்” என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

அன்றே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கணுவைப் பற்றிச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எனக்கும் சந்தேகம் இருந்துச்சு மாஸ்டர். ஆனா வாரா வாரம் உங்க கை பாக்குதே, அது ஒண்ணும் சொல்லலியே, அப்ப ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன்.” பிறகு தலையை என் பக்கம் திருப்பி, “என் கேஸ அடுத்த பேட்சுக்குப் பாடமா எடுங்க. என் பேரச் சொல்லி எடுங்க. உங்க பேரையும் சேத்து” என்றார்.

பாடமாக எடுத்தேன். ‘ஐம்பது வயதுப் பெண், ஆசிரியை, பார்த்தவர் ஒரு தெரபிஸ்ட்’ என்று எடுத்தேன். முன் பெஞ்சிலிருந்த ஒரு மாணவன், “அந்த ஆளு மடையனா சார்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன். மறுநாள் மேடம், “பேரச் சொன்னீங்களா?” என்று கேட்டார். சொன்னேன் என்றேன். “குட்” என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் ஏழு மாதம் அந்தப் பொய்யோடு அவரைப் படுக்கவைத்திருந்தேன். அடக்கத்தின்போது அந்த மாணவனும் வந்திருந்தான். என் தோளைத் தொட்டு, மேடத்துக்கு உங்கள்மேல் எவ்வளவு நம்பிக்கை சார் என்றான்.

அந்தத் தெரபிஸ்ட் நான்தான் தம்பி. நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். நோயாளியின் பெயர் டாக்டர் விமலா. இதைப் பாடமாக எடுக்கிறவர்கள் இரண்டு பெயரையும் சொல்லி எடுங்கள்.

என்னிடம் அவருடையதாக மிச்சமிருப்பது ஒரு பயம் மட்டும்தான். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும், எனக்குத் தெரியவில்லை என்று எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் ரிப்போர்ட்டோடு திரும்பி வந்து, “ஒண்ணுமில்லியாம் சார், சும்மா பயமுறுத்தி ஒரு நாளக் கெடுத்துட்டீங்க” என்று சண்டை பிடிக்கிறார்கள். வாங்கிக்கொள்கிறேன். இப்படி ஒரே ஒரு சண்டையை விமலா மேடத்திடம் வாங்கிக்கொள்ள எனக்குப் பதினாறு வெள்ளிக்கிழமைகள் இருந்தன.