வட்டக்குழியின் வயது

அப்பாவின் கருமாதி முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் அவருக்கு ஒளிக்க மறைக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது முழுக்கச் சரியல்ல. அவர் மறைத்தது ஒன்று உண்டு. அதை அவரே வெளியில் சொன்ன நாளில்தான் எங்கள் குடும்பம் இரண்டாகப் போனது.

பெயர் முருகையா. லாபு பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முதலில் கன்று நடும் ஆட்களை மேய்க்கும் மண்டோர், பிறகு பால்வெட்டு மண்டோர். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கன்று வைப்பார். அம்மாவுக்கு அது பிடிக்காது.

தோட்டத்து எல்லையோரம், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வட்டக்குழி இருந்தது. குறுக்கே முப்பது தப்படி இருக்கும். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு மண்மேடு, நடுவில் சேறு. எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. சீனர்கள் ஈயம் தேடித் தோண்டியது என்பார்கள் சிலர். வானத்திலிருந்து கல் விழுந்தது என்பார்கள் சிலர். யானை புரண்ட இடம் என்பாள் அம்மா. ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் பக்கம் புதர் மண்டிவிட்டது. போருக்குப் பின் வந்த தோட்டத்துரைக்கு அங்கே ஒரு குழி இருப்பதே தெரியாது. தோட்டத்து வரைபடத்திலும் அது இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில், வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தின் மூன்றாம் ஆண்டில், ராணுவத்தார் அந்தச் சேற்றிலிருந்து ஓர் அரிசித் தகரத்தை எடுத்தார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் சாப்பாடு ஒளிக்கப் புதிதாக வெட்டிய குழி இது, தினமும் அந்த மர நிரையில் பால் வெட்டுகிறவனுக்குத் தெரியாமல் வெட்டியிருக்க முடியாது என்றார் போலீஸ் அதிகாரி. அந்த நிரை அம்மாவின் தம்பி ராமகிருஷ்ணனுடையது. அன்றே மாமாவை லாரியில் ஏற்றினார்கள். குழி பழையது என்று நிரூபணமானால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். தொழிலாளர் லயத்தில் எல்லாரும் பழையதுதான் என்றார்கள். சொந்தக்காரர்கள் பேச்சு எடுபடவில்லை.

போலீஸ் அதிகாரியோடு அரசாங்கத்திலிருந்து மண் ஆராயும் துரை ஒருவர் வந்தார். இளைஞர், பொறுமைசாலி. மேட்டைக் குறுக்கே வெட்டச் சொன்னார். அப்பாதான் வெட்டினார். மேலே செம்மண், அதற்கடியில் மக்கிய வேர்களோடு கறுத்த பழைய மேல்மண். குழியிலிருந்து கிளம்பிய மண் பழைய தரைமேல் விழுந்திருக்கிறது, ஆகவே இது தானாக அமிழ்ந்த பள்ளம் அல்ல என்றார். எப்போது என்பதுதான் மிச்சம். மேட்டின் உச்சியில் மூன்று ரப்பர் மரங்கள் நின்றன. அடியைத் தோண்டிப் பார்த்தார். மேட்டு மண்ணில்தான் அவை வேர்விட்டிருந்தன. அப்படியானால் மேடு மரத்துக்கு முந்தியது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கணேசமூர்த்தி நடவுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். அந்தப் பகுதி முழுவதும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் நட்டது. அப்போது மாமா தொட்டில் பிள்ளை.

துரை மரங்களைத் தடவிப் பார்த்து, இவை மட்டும் ஏன் இவ்வளவு மெலிந்திருக்கின்றன, ஒரு தடவைகூடப் பால் வெட்டவில்லையே என்று கேட்டார். நிழலில் நின்ற மரம் என்று அப்பா சொல்லியிருந்தால் போதும். அதுவும் உண்மைதான்.

"இது மூணும் பின்னால வச்சதுங்க தொர. மொத கன்னு பட்டுப்போச்சு. இருபத்தெட்டுல நான்தான் வேற வச்சேன்."

மொழிபெயர்த்துக்கொண்டிருந்த கிராணி அதை மட்டும் இங்கிலீஷில் சொல்லவில்லை. "கேட்டதுக்கு மட்டும் சொல்லேன் லா, முருகையா. புத்தகத்துல அது இல்லையே."

அதிகாரியோடு வந்த போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியும். அவர் சொல்லிவிட்டார்.

கன்று பட்டுப்போனால் மண்டோருக்குத்தான் ஏச்சு விழும். அதனால் மற்ற மண்டோர்கள் செய்ததையே அப்பாவும் செய்திருந்தார். பட்டதைப் பிடுங்கி எறிந்து, வேறு கன்று வைத்து, கிராணியிடம் மூச்சுவிடாமல் இருந்துவிட்டார்.

இருபத்தெட்டு என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார் அதிகாரி. அப்பாவின் வாய்ச்சொல்லைத் தவிர ஒன்றும் இல்லை. புத்தகம் தப்பு என்று மண்டோரே ஒப்புக்கொண்ட பிறகு புத்தகத்துக்கும் மதிப்பில்லை, மண்டோருக்கும் மதிப்பில்லை. குழியை மறைக்கச் சில வருஷத்துக்கு முன் நட்டிருக்கலாமே என்றார். நோஞ்சான் மரத்தின் வயதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்றார் மண் துரை. தோற்றமும் காலமும் உறுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதினார்.

அந்த ஒரு வரியால் மாமா பதினாறு மாதம் தடுப்புமுகாமில் இருந்தார். அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. அப்பா வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார்.

மாமா திரும்பியபோது தலை பாதி நரைத்திருந்தது. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"புஸ்தகமே நம்ம பக்கம் பேசுச்சே, மச்சான். நீங்க ஏன் வாயத் தொறந்தீங்க?"

"இருபத்தெட்டும் பழசுதானேடா. அது போதும்னு நெனச்சேன்."

"போதலையே."

மாமா உள்ளே வராமல் போனார். மம்பாவில் செங்கல் சூளை வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார்.

அப்பா இறந்த அன்று மாமா வந்தார். கூட்டத்துக்கு வெளியே நின்றார். பாடை தூக்க ஓர் ஆள் குறைந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தார். சுடுகாட்டிலிருந்து நேரே பஸ் ஏறிவிட்டார். எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.